குற்றாலத்துல வீடு எடுக்கறதுக்கு முன்னாடி

குற்றாலம் சீசன்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை. சனி, ஞாயிறுல அருவி பக்கத்துல ரூம் கிடைக்கறதே கஷ்டம். பத்து பேரா போறீங்கன்னா இலஞ்சி, மேலகரம், சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஒரு வீடா எடுத்துடுங்க. 'ஒரு நாள் வாடகை'ன்னா 24 மணி நேரமா, இல்ல மறுநாள் காலையிலயே காலி பண்ணணுமான்னு கேட்காம அட்வான்ஸ் அனுப்பாதீங்க.

தென்மேற்குப் பருவக்காற்று மழையில பெரும்பகுதியை கேரளாவுலயே கொட்டிடுது. நம்ம பக்கம் மழை மறைவுப் பகுதி. ஆனா செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் மேகமும் உள்ள வருது. அதுதான் சாரல். துவைச்ச துணி காயவே காயாது, எக்ஸ்ட்ரா செட் வேணும்.

இதைவிட முக்கியமான விஷயம் தண்ணி. 2024 மே 17 அன்னைக்கு பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துபோனான். சிவில் பசங்க 'டைம் ஆஃப் கான்சென்ட்ரேஷன்' படிச்சிருப்பீங்க. நீர்ப்பிடிப்புப் பகுதியோட தூரத்து மூலையில விழுந்த மழை, வெளியேறும் இடத்துக்கு வந்து சேர ஆகிற நேரம். சரிவு கூடினா இந்த நேரம் குறையும். பரப்பு சின்னதா இருந்தா இன்னும் குறையும். குற்றாலத்துல ரெண்டுமே இருக்கு. அதனால நீங்க நிக்கற இடத்துல வெயில் அடிச்சாலும், மலை மேல பெஞ்ச மழை கொஞ்ச நேரத்துல உங்க தலை மேல வந்து விழும்.

கிராமத்து வீட்டுல இருக்கற லாபமே இதுதான்: மொட்டை மாடியில நின்னா மலை முழுசா தெரியும். உச்சி கறுத்துக் கிடந்து, வீட்டுக்காரர் "இன்னைக்கு வேணாம் தம்பி"ன்னு சொன்னா கேட்டுக்கோங்க. குளிக்கும்போது தண்ணி கலங்கினாலோ, குச்சியும் இலையும் வந்தாலோ உடனே வெளிய வந்துடுங்க. போலீஸ் குளிக்கத் தடை போட்டா, வாடகை வீணாகுதேன்னு அவங்ககிட்ட சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல.

தடை நாள்ல சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலைப் பாருங்க, வரப்புல நின்னே. அது செல்ஃபி செட் இல்ல, ஒருத்தரோட விளைச்சல். ராத்திரிக்கு பிரானூர் பார்டர் பரோட்டா. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில இருந்தது, எல்லை மாறியும் 'பார்டர்'ங்கற பேர் மட்டும் போகல. கூட்டத்துக்கு பயந்தா ஏழு மணிக்கே போயிடுங்க.