உணவுக்குப் பிந்தைய இரத்தக் கொழுப்பும் நீரிழிவில் இதயநோய் இடரும்: கொல்லிமலை வாசலூர்பட்டிச் சூழலை முன்வைத்து

முன்னுரை

இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. இந்நோயர்க்கு இரத்தக் கொழுப்பை வெறும் வயிற்றில் அளப்பதே நீண்டகால வழக்கம். ஆயின் மூன்று வேளை உண்பவரின் உடல், பகற்பொழுதின் பெரும்பகுதியை உணவுக்குப் பிந்தைய நிலையிலேயே கழிக்கிறது. அந்நிலைக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பையும், நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் வாசலூர்பட்டி போன்ற மலையூர்களில் அதனை அளப்பதன் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உடலில் நிகழ்வது

உணவிலுள்ள கொழுப்பு சிறுகுடலில் கைலோமைக்ரான் என்னும் துகள்களாகி இரத்தத்தை அடைகிறது. நுண்குழாய்ச் சுவரிலுள்ள லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் நொதி அவற்றின் டிரைகிளிசரைடைச் சிதைக்கிறது. எஞ்சும் துகள்களைக் கல்லீரல் ஈர்த்துக்கொள்கிறது. கொழுப்புத் திசுவில் இந்நொதியைத் தூண்டுவதும், கல்லீரல் வெளியிடும் கொழுப்புத் துகள்களைக் கட்டுப்படுத்துவதும் இன்சுலினே. இரண்டாம் வகை நீரிழிவில் அதன் செயல் குன்றுவதால், குடலிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வரும் துகள்கள் ஒரே நொதிக்குப் போட்டியிடுகின்றன. எச்சத்துகள்கள் நெடுநேரம் இரத்தத்தில் தங்கித் தமனியின் உட்சுவரில் நுழைந்து கொலஸ்டிராலைப் படியவைக்கின்றன. தமனித் தடிப்பு உணவுக்குப் பிந்தைய நிகழ்வாகலாம் என்னும் கருத்தைச் சில்வர்ஸ்மிட் 1979-இல் முன்வைத்தார்.

சான்றுகள்

உணவுக்குப் பின் அளந்த டிரைகிளிசரைடு மிகுந்தோர்க்கு இதயநோய் இடரும் மிகுவதை டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் 2007-இல் காட்டின. வழக்கமான கொழுப்புப் பரிசோதனைக்கு உண்ணாநிலை தேவையில்லை என ஐரோப்பிய வல்லுநர் குழு 2016-இல் அறிவித்தது. உணவுக்குப் பின் டெசிலிட்டருக்கு 175 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பது உயர்வாகக் கொள்ளப்படும். எனினும் நீரிழிவுடையோர் 10,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பிராமினென்ட் ஆய்வில் (2022), பெமாஃபைப்ரேட் மருந்து டிரைகிளிசரைடைக் குறைத்தும் இதயநோய் நிகழ்வுகள் குறையவில்லை. துகள்களின் எண்ணிக்கையை உணர்த்தும் அப்போலிப்போபுரோட்டீன் பி அதில் குறையவில்லை என்பது கருதத்தக்கது. எனவே டிரைகிளிசரைடு உயர்வை இடரின் அறிகுறியாகக் கொண்டு, எச்டிஎல் நீங்கலான கொலஸ்டிராலையும் உடன்நோக்க வேண்டும். அதற்கும் உண்ணாநிலை வேண்டியதில்லை.

மலையூர்ச் சூழல்

சாமை, தினை, கேழ்வரகு விளைந்த கொல்லிமலை நிலங்களில் மரவள்ளி பரவிச் சிறுதானியப் பரப்பு சுருங்கியதை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பதிவுசெய்துள்ளது. தீட்டிய தானியத்தை மிகுதியாக உண்போரிடம் டிரைகிளிசரைடு உயர்ந்தும் எச்டிஎல் தாழ்ந்தும் இருப்பதைச் சென்னை ஆய்வொன்று 2009-இல் கண்டது. நகரத்தார் குறித்த இம்முடிவை ஏறி இறங்கி உழைக்கும் மலைவாழ் உழவர்க்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. அங்கேயே அளந்தறிதல் வேண்டும். இன்சுலின், சல்ஃபோனைல்யூரியா மருந்துகள் கொள்வோர் உண்ணாது மலைவழி வருவது இரத்தச் சர்க்கரைத் தாழ்வுக்கு இடமளிக்கும். வந்த வேளையிலேயே, கடைசியாக உண்ட நேரத்தைக் குறித்து இரத்தம் எடுப்பின் இவ்விடர் நீங்கும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் அப்போதே அறியலாம். டிரைகிளிசரைடு 440 மில்லிகிராமைக் கடந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மீண்டும் அளப்பது குறித்து எண்ணலாம்.

முடிவுரை

உணவுக்குப் பிந்தைய அளவீடு, நோயரின் அன்றாட உடல்நிலையைக் காட்டுவதோடு பரிசோதனையையும் அவர்க்கு அணுக்கமாக்குகிறது. கொல்லிமலையின் மாறிவரும் உணவுமுறையையும் இவ்வளவீட்டையும் இணைத்து ஆராய்தல் அடுத்த தேவையாகும்.