பாஷாணம் மருந்தான கதை

வெள்ளைப் பாஷாணம் என்றாலே நமக்கெல்லாம் நடுக்கம்தான். எலிக்கு வைத்ததும் அது, பழங்கதைகளில் பாலில் கலந்ததும் அது. சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து மருந்தில் சேர்த்ததும் உண்டு. அதே பாஷாணம் இன்றைக்கு ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு முதல் வரிசை மருந்து என்று சொன்னால் அன்பர்கள் நம்புவீர்களோ என்னவோ, விஷயம் உண்மை.

நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. 1957-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். அவர் எழுதிய மூன்று நோயாளிகளும் சில வாரங்களில் போய்விட்டார்கள். ரத்தம் உறையாமல் மூளையிலே கசிந்தால் அவ்வளவுதான்.

மூலகாரணம் இது: 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்ள, கோளாறான ஒரு புரதம் உண்டாகிறது. அது வெள்ளணுக்களை முதிரவிடாது. அவை பிஞ்சாகவே நின்று பெருகும்.

ஷாங்காய் மருத்துவர் வாங் ஜென்யீ, அணுக்களைக் கொல்வானேன், முதிர வைத்தால் என்ன என்று யோசித்தார். கொல்லாமல் திருத்துவது! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஆட்ரா என்ற மருந்தை 1985-ல் ஐந்து வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார். 1988-ல் 24 பேரின் விவரம் வந்தது. 23 பேருக்கு அந்த ஒரே மருந்தில் நோய் அடங்கிற்று. ஆனால் ஆட்ரா மட்டும் போதவில்லை, பலருக்குத் திரும்பியது.

சீனாவின் ஹார்பின் நகரத்திலே இன்னொரு வழி. 1970-களில் அங்குள்ள மருத்துவர்கள் ஒரு நாட்டு மருந்தைப் பிரித்துப் பார்த்தார்கள். பாஷாணம், பாதரசம், தேரை நஞ்சு மூன்றும் இருந்தன. வேலை செய்தது பாஷாணம்தான். அது அந்தக் கோளாறுப் புரதத்தையே அழிக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது.

நம்ம வேலூர் சி.எம்.சி.யில் 1998 முதல் 2004 வரை 72 பேருக்குப் பாஷாண மருந்தை மட்டுமே பிரதானமாகக் கொடுத்தார்கள். செலவு குறைவு. நூற்றுக்கு 86 பேருக்கு நோய் அடங்கியது. 2013-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று, கீமோதெரபி இல்லாமல் ஆட்ராவும் பாஷாணமும் சேர்ந்தால் இரண்டு வருஷத்தில் நூற்றுக்கு 97 பேர் நோய் திரும்பாமல் இருக்கிறார்கள் என்று காட்டியது.

இதற்காக நாட்டு மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். வியாபாரத்தில் எடை தப்பினால் காசு போகும், இதிலே ஆளே போய்விடும். இருதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற மருந்து இது. மற்றப் புற்றுநோய்களுக்கு இப்படிப் பலிப்பதுமில்லை.

மிச்சமிருக்கும் ஆபத்து முதல் சில நாட்கள்தான். மருந்து வேலை செய்யுமுன் ரத்தக்கசிவு முந்திக்கொள்கிறது. ஆகையால் ஈறில் ரத்தம், தோலில் காரணமில்லாத நீலத் திட்டு என்று வருகிறவரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சந்தேகம் வந்தாலே, மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆட்ராவை ஆரம்பித்துவிடுகிறார்கள்.