அடுத்த வீட்டுச் சுவரும் சர்வேயரும்

பக்கத்து மனையில் அஸ்திவாரக் குழி தோண்டுகிறார்கள். பத்து நாட்களில் நம் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் கண்ணில் படுகிறது. "இது நேற்றுவரை இல்லை" என்கிறோம் நாம். "அது உங்கள் தாத்தா காலத்து விரிசல்" என்கிறார் அவர். இருவர் கையிலும் சான்று இல்லை. இத்தகைய வழக்கைத் தவிர்க்க இங்கிலாந்தில் ஓர் ஏற்பாடு உண்டு. அதில் முக்கியப் பங்கு சர்வேயருக்கு. சர்வேயர் என்றதும் நமக்குச் சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர்தான் நினைவுக்கு வருவார். அங்கே கட்டடத்தின் நிலையை ஆராய்ந்து சொல்பவரும் சர்வேயரே.

1666-இல் லண்டன் மாநகரின் பெரும் பகுதி தீக்கிரையாயிற்று. மறு ஆண்டு வந்த சட்டம், வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டச் சொன்னது. இரு வீட்டுப் பொதுச் சுவர் இருவர் நிலத்திலும் சமமாக அமைய வேண்டும், முதலில் கட்டியவருக்குப் பின்னால் கட்டுபவர் பாதிச் செலவைத் தர வேண்டும் என்றும் விதித்தது. எரிந்த மனைகளுக்கு முளையடித்து எல்லை காட்டவும், தகராறுகளை நேரில் பார்த்து அறிக்கை தரவும் சர்வேயர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ராபர்ட் ஹூக்! தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் கண்டு 'செல்' என்று பெயரிட்டாரே, சுருள்வில்லின் நீட்சி பற்றிய விதியை நாம் பள்ளியில் படிக்கிறோமே, அதே ஹூக்தான்.

இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருப்பது 1996-ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டம். பொதுச் சுவரில் கை வைப்பவர் இரண்டு மாதம் முன்னதாகவும், அருகில் குழி தோண்டுபவர் ஒரு மாதம் முன்னதாகவும் அண்டை வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பதினான்கு நாட்களுக்குள் இசைவு வராவிட்டால் தகராறு எழுந்ததாகவே கொள்ளப்படும்.

எவ்வளவு அருகில் தோண்டினால் ஆபத்து? வீட்டின் பளு அஸ்திவாரத்தின் அடியோடு நின்றுவிடுவதில்லை. மண்ணுக்குள் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் பரவுகிறது. பக்கத்து மண்ணை அகற்றினால் அந்தப் பளுவைத் தாங்கிய அணைப்புப் போய்விடும். ஆகவே மூன்று மீட்டர் தூரத்துக்குள், அண்டை அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் அறிவிப்புத் தர வேண்டும். ஆறு மீட்டர் வரை இன்னொரு கணக்கு. அண்டை அஸ்திவாரத்தின் அடிமட்டத்திலிருந்து 45 பாகைச் சரிவில் ஒரு கோடு இறங்குவதாகக் கொள்ளுங்கள். அஸ்திவாரம் 1 மீட்டர் ஆழம், குழி 4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், அங்கே கோடு 5 மீட்டர் ஆழத்தில் இருக்கும். குழி அதற்கும் கீழே போனால் சட்டம் குறுக்கிடும். எளிய வடிவியல்தான், ஆனால் ஒரு வீட்டையே காக்கிறது.

பழைய சுவருக்கு அடியில் புது அஸ்திவாரம் இடும்போதும் முழு நீளத்தையும் ஒரே சமயத்தில் தோண்டமாட்டார்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் தோண்டி, கான்கிரீட் இட்டு, அது இறுகிய பிறகே பக்கத்துத் துண்டைத் தொடுவார்கள்.

வேலை தொடங்கும் முன் சர்வேயர் அண்டை வீட்டுக்குள் அறை அறையாகச் சென்று, ஒவ்வொரு விரிசலின் இடம், நீளம், அகலம் ஆகியவற்றைக் குறித்துப் படமும் எடுக்கிறார். என் கருத்தில் மொத்த ஏற்பாட்டின் உயிர்நாடி இந்தக் குறிப்பேடுதான். சந்தேகமான விரிசல்மேல் முன்பெல்லாம் மெல்லிய கண்ணாடிப் பட்டையைக் குறுக்கே ஒட்டுவார்கள்; சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். இப்போது மில்லிமீட்டர் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தகடுகள் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்றே காட்டிவிடுகின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை: லண்டனின் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். எல்லா விரிசலுக்கும் பக்கத்து வீட்டாரைக் குற்றம் சொல்ல முடியாது.

இரு வீட்டாரும் சேர்ந்து ஒரே சர்வேயரை ஏற்கலாம். அல்லது ஆளுக்கொருவரை நியமிக்கலாம். அப்போது அவ்விருவரும் மூன்றாமவர் ஒருவரைத் தேர்ந்து வைத்துக்கொள்வர். கருத்து வேறுபட்டால் அவர் தீர்ப்பார். கூலியைப் பெரும்பாலும் கட்டுபவரே தருகிறார். "அப்படியானால் அவர் பக்கம்தானே பேசுவார்?" என்று கேட்கலாம். இங்கேதான் சட்டம் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது: நியமித்த சர்வேயரை நியமித்தவரே நினைத்தாலும் நீக்க முடியாது. எந்த வேலை, எந்த முறையில், எந்த நேரத்தில் என்று அவர்கள் எழுதித் தரும் தீர்ப்பு இருவரையும் கட்டுப்படுத்தும். ஒப்பாதவர் பதினான்கு நாட்களுக்குள் நீதிமன்றம் செல்லலாம்.

வேலை முடிந்தபின் சர்வேயர் அதே குறிப்பேட்டுடன் மீண்டும் அறை அறையாக வருகிறார். புதிதாக ஒரு கோடு தென்பட்டு, அது அந்த வேலையால் வந்ததென்று தெரிந்தால், கட்டியவர் அதைச் செப்பனிட வேண்டும். அல்லது அதற்கான பணத்தைத் தர வேண்டும்.