உலக்கைக்கு ஓய்வு; பாட்டிக்கு?

ஜவ்வாது மலையில் சாமை குத்தும் ‘தொம்... தொம்...’ சத்தம் குறைந்துவிட்டது. மில் வந்தாச்சு! நல்லதுதான், காய்ப்புக் காய்த்த கைகளைக் கேட்டால் தெரியும். ஆனால், பாட்டிகளின் உடம்புக்குத் தினம் கிடைத்த பயிற்சியும் உலக்கையோடு மூலைக்குப் போகிறது.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பும் தசையும் வேகமாகத் தேயும். தொடையில் வலு இல்லையென்றால் கால் தடுக்கும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், ஜமுனாமரத்தூரிலிருந்து வளைந்து வளைந்து போளூருக்கு இறங்க வேண்டும்.

“வயசாச்சு, இனிமே என்ன?” என்கிறீர்களா?

அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய ஆண், பெண் 10 பேருக்கு டாக்டர் மரியா ஃபியாடரோன் குழுவினர் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் முடிவு வெளியானது. 8 வாரத்தில் கால் வலு சராசரி 174 சதவீதம் ஏறியிருந்தது! இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்.

பயிற்சியை நிறுத்தினார்கள். நாலே வாரத்தில் 32 சதவீத வலு போயே போச்சு!

மலைப் பாட்டிக்கு மெஷின் எதற்கு? திண்ணையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்தால் போதும், ஆரம்பத்துக்கு. முடிந்தவர்கள் இடுப்பில் அரைக்குடம் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். தட்டில் முட்டையோ கொள்ளோ இருக்கட்டும். நெஞ்சுவலி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.