வீட்டிற்கேற்ற நாய் எது?

நாய் வளர்க்க விழைவோர் பலர் அதன் தோற்றத்தையே முதலில் நோக்குகின்றனர். ஆனால் நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை உயிர்வாழக்கூடியது. ஆராயாமல் வாங்கப்பட்ட குட்டி, வளர்ந்தபின் சுமையாகித் தெருவில் விடப்படுகிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இனமும் தட்பவெப்பமும்

மனிதனைப் போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி விரைந்து மூச்சிரைக்கும்போது வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. முகம் குறுகிய ‘பக்’ போன்ற இனங்களில் இம்முறை செவ்வனே நடைபெறுவதில்லை. ஆல்ப்ஸ் மலைப் பனிக்குரிய செயின்ட் பெர்னார்டும், சைபீரியப் பனியில் வண்டியிழுத்த ஹஸ்கியும் நம் சமவெளிக் கோடையில் வருந்துவது இயல்பே.

முதோல், இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகியவை நம் நாட்டு வெப்பத்திற்குப் பழகிய இனங்கள். எனினும் இவை வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை. நாள்தோறும் ஓட இடம் வேண்டும். நாளெல்லாம் சங்கிலியில் கட்டிவைப்போருக்கு இவை ஏற்றவையல்ல. வெண்ணிற இராஜபாளையக் குட்டிகளிற் சில பிறவியிலேயே காது கேளாதவை. குட்டியின் பின்புறம் நின்று ஒலியெழுப்பி, அது திரும்புகிறதா என்று பார்த்து வாங்குதல் நன்று.

ஆதரவற்ற நாய்

தெருவிற் பிறந்த நாட்டு நாய் எவ்வினத்தையும் சாராவிடினும், நம் தட்பவெப்பத்திற்கு முற்றும் பழகியது. குட்டியாயின் எட்டு வாரத்திற்கு முன் தாயினின்று பிரித்தலாகாது. வளர்ந்த நாயை ஏற்பதிலும் ஒரு நன்மை உண்டு: அதன் குணத்தை முன்னரே அறியலாம். குழந்தைகள் உள்ள வீட்டினர், அந்நாய் உண்ணும்போதும் அயலார் அணுகும்போதும் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைச் சில நாட்கள் கவனித்தல் வேண்டும்.

ஏற்றவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டி, குடற்புழுவையும் உண்ணியையும் நீக்குக. வீட்டிலுள்ள பிற நாய்களோடு முதல் இரண்டு வாரம் சேர்க்கவேண்டா. வெறிநோய்த் தடுப்பு ஊசியைக் குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் போட்டு, பின்னர் மருத்துவர் கூறியவாறு தொடர்க. கருத்தடையும் செய்வித்தல் நலம். காது நுனி வெட்டப்பட்ட தெருநாய், கருத்தடையும் தடுப்பு ஊசியும் பெற்றதாகும். ஆயினும் ஊசியின் பயன் காலப்போக்கிற் குறையும். ஆகவே அதற்கும் மீண்டும் ஊசி போடவேண்டும்.

கடி நேர்ந்தால்

வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. ஆனால் உரிய காலத்தில் செயற்பட்டால் அதனை முற்றிலும் தடுத்துவிடலாம். கடித்த இடத்தை, கீறலாயினும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுக. அன்றே மருத்துவமனைக்குச் செல்க. மிளகாய், மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றைத் தடவலாகாது. கடித்தது குட்டியே எனினும் அசட்டை செய்யலாகாது.

கடிபட்ட சிறுவர் பலர் அடிக்கு அஞ்சி வீட்டில் மறைத்துவிடுகின்றனர். “கடித்தால் உடனே சொல், உன்னை எவரும் கடியமாட்டார்” என்று வகுப்பில் ஆசிரியர் கூறும் ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கக்கூடும். கிராமந்தோறும் செல்லும் ஊழியர்களும், நாய் வாங்க எண்ணுவோரிடம், “இடம் உண்டா? நேரம் உண்டா? ஆண்டுதோறும் ஊசி போடுவீரா?” என்னும் மூன்று கேள்விகளைக் கேட்பாராக. இம்மூன்றிற்கும் ‘ஆம்’ என்று விடை கூறும் இல்லமே நாய்க்கேற்ற இல்லம்.