கல்லாய்ச் சமைந்த கடல்

கடற்கரையே இல்லாத பெரம்பலூர் மாவட்டத்தில் கடற்சிப்பிகள் கிடைக்கின்றன என்றால் நம்புவீர்களா? நாங்களும் முதலில் நம்பவில்லை. அறிவியல் மன்றத்தின் சார்பில் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குச் சென்று, திரும்பும் வழியில் ஓர் ஏரிக்கரையிலும் இறங்கிப் பார்த்த பின்னரே நம்பினோம்.

சாத்தனூர் அமைதியான சிற்றூர். பூங்காவில் அன்று எங்களைத் தவிர வேறு யாருமில்லை. வேலிக்குள்ளே ஒரு பெரிய அடிமரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டருக்கும் மேல். பார்வைக்கு மரம், உண்மையில் கல்! 1940-ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்து கூறியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். பின்னாளில் அத்துறையின் முதல் இந்திய இயக்குநராக விளங்கியவரும் அவரே.

மரம் எப்படிக் கல்லாகும்? கிரிட்டேசியஸ் என்னும் காலம் இன்றைக்கு 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அக்காலத்தில் கடல் இப்பகுதி வரை உட்புகுந்திருந்தது. ஆற்று வெள்ளம் அடித்து வந்த மரங்கள் அக்கடலில் மூழ்கிச் சேற்றில் புதைந்தன. காற்றுப் புகாததால் அவை எளிதில் மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் படிந்தது. மரப்பொருள் மறைந்தது, வடிவம் மட்டும் கல்லாக நிலைத்தது.

மாலையில் ஏரிக்கரையை அடைந்தோம். கரைக்கு அப்பால் மழைநீர் அரித்த மண்சரிவு ஒன்று இருந்தது. “எடுப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கே வந்திருக்கிறோம்” என்று சிஸ்டர் முன்னரே சொல்லியிருந்தார். சாய்வெயில் படும் நேரமே தேடுவதற்கு ஏற்றது. சிறு மேடு பள்ளங்களும் நிழலால் தெரிந்துவிடும். துப்பாக்கித் தோட்டா போன்ற பெலெம்னைட், சிப்பித் துண்டுகள், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் எனப் பலவற்றையும் கண்டோம்.

அம்மோனைட், கணவாய்க்கு உறவான கடலுயிரி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில் இதன் இனமும் அற்றுப்போயிற்று. நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களும் அம்மோனைட் படிவங்களே. 2020-ஆம் ஆண்டு குன்னத்தில் குட்டையைத் தோண்டியபோது உருண்டைக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. அவை அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகளே என்று அறிஞர்கள் விளக்கினர்.

புறப்படும் வேளையில் எங்களில் ஒருத்தியின் பையில் ஓர் அம்மோனைட் இருந்தது! சிஸ்டர் கோபிக்கவில்லை. “எந்த அடுக்கிலிருந்து எடுத்தாய்? செம்மண்ணா, மஞ்சள் களிமண்ணா?” என்று மட்டும் கேட்டார். அவளுக்கு நினைவில்லை. “இப்போது இது முகவரி இல்லாத கடிதம், அம்மா. எந்தக் காலத்தது, உடன் வாழ்ந்தவை எவை என்று இனி இதனிடம் கேட்க முடியாது” என்றார். அவள் கண்கலங்கினாள். எங்களுக்கும் சுருக்கென்றது, ஆசைப்படாதவர் எங்களில் யார்?

இவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல், பெரும்பாலும் அக்கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளால் ஆனது. அதுவே அரியலூரில் சிமெண்டாகிறது. நாம் பாடம் படிக்கும் கட்டடச் சுவரிலும் அப்பழைய கடல் கலந்திருக்கலாம். சுரங்கம் தோண்டுவதால் புதிய படிவங்கள் வெளிப்படுவதும் உண்டு. கவனிப்பாரின்றிப் பொடியாவதும் உண்டு. கட்டடமும் வேண்டும், கல்லில் எழுதிய வரலாறும் வேண்டும். ஆகவே படிவம் எதையேனும் கண்டால் தோண்டி எடுக்காமல், இடத்தையும் மண்ணடுக்கையும் குறித்துக்கொண்டு, படம் வரைந்து, ஆசிரியரிடமோ அருங்காட்சியகத்தாரிடமோ தெரிவிப்பதே நம் கடமையாகும்.

கோடிக்கணக்கான ஆண்டுகள் இறைவன் காத்துவைத்த ஏட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்க நமக்கு ஒரு நொடி போதும். கிழிக்காமல் படிக்கக் கற்றுக்கொண்டதே இப்பயணத்தில் நாங்கள் பெற்ற பேறு.