பதிவேட்டிலிருந்து தரவுத்தளத்திற்கு

மண் பரிசோதனை நிலையத்தில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணும் ஏதேனும் ஒரு வயலைப் பற்றியதாகும். அவ்வெண் தவறுதலாக வேறொரு வயலின் பெயரில் பதிவாகிவிடுமாயின், சுண்ணாம்பு இடவேண்டிய அமில நிலத்திற்கு ஜிப்சமும், ஜிப்சம் வேண்டிய களர் நிலத்திற்குச் சுண்ணாம்பும் பரிந்துரைக்கப்படக்கூடும். ஆய்வு எத்துணை நுட்பமாக நடைபெற்றிருப்பினும், பதிவில் நேரும் பிழை அதன் பயனை அழித்துவிடும். எனவே, பதிவுகளை ஒழுங்குபட வைத்திருத்தல் எழுத்தர் வேலை மட்டுமன்று. அது விஞ்ஞான முறையின் ஓர் அங்கமேயாகும்.

மண்வள அட்டைத் திட்டம் 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் ராஜஸ்தான் மாநிலத்திலுள்ள சூரத்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் விதிமுறைப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்றும், மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒன்றுமாக மண் மாதிரிகள் எடுக்கப்பட்டன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின் கடத்துத் திறன், அங்ககக் கரிமம் ஆகிய 12 அளவுகள் ஒவ்வொரு மாதிரிக்கும் கணிக்கப்பட்டன. 500 ஹெக்டேர் பாசன நிலமுள்ள ஒரு கிராமத்திற்கு இக்கணக்கின்படி 200 மாதிரிகளும் 2,400 எண்களும் சேரும். இவை ஒரே நீண்ட பட்டியலில் எழுதப்பட்டால் உழவரின் பெயரையும் ஊரையும் ஒவ்வொரு வரிசையிலும் திரும்பத் திரும்ப எழுத நேரும். ஒரே பெயர் ஓரிடத்தில் ‘முருகய்யன்’ என்றும் மற்றோரிடத்தில் ‘முருகையன்’ என்றும் எழுதப்பட்டுவிட்டால், ஒருவர் இருவராகிவிடுவார்.

காட் வகுத்த நெறி

இக்குறையை நீக்கும் நெறியை வகுத்தவர் எட்கர் காட் என்னும் கணித அறிஞர். இங்கிலாந்தில் பிறந்த இவர், அமெரிக்காவின் சான் ஹோசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றியபொழுது, 1970இல் தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அதற்கு முன்னிருந்த அமைப்புகளில், ஒரு தகவல் எந்தக் கிளையின் வழியாகச் சென்றால் கிட்டும் என்பதைக் கட்டளை எழுதுவோர் அறிந்திருக்க வேண்டியிருந்தது. காட் அவர்களோ, தகவல்கள் யாவற்றையும் எளிய அட்டவணைகளாக வைத்து, அவற்றிற்கிடையேயுள்ள உறவைப் பொதுவான எண்களால் காட்டினால் போதும் என நிறுவினார். இவ்வகை அமைப்பு உறவுமுறைத் தரவுத்தளம் எனப்படுகிறது. 1974இல் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் இதற்கென வகுத்த மொழியே பின்னர் எஸ்.க்யூ.எல். எனப் பெயர் பெற்றது. காட் அவர்களுக்கு 1981இல் டூரிங் விருது வழங்கப்பட்டது.

மண் பரிசோதனைப் பதிவுகளை இந்நெறிப்படி மூன்று அட்டவணைகளாகப் பிரிக்கலாம். முதலாவது உழவர் அட்டவணை. இதில் ஒவ்வோர் உழவருக்கும் ஒரு வரிசையே உண்டு. இரண்டாவது வயல் அட்டவணை. இதில் வயலின் எண்ணும் பரப்பும் அதற்குரிய உழவரின் எண்ணும் இடம்பெறும். மூன்றாவது மாதிரி அட்டவணை. இதில் வயல் எண்ணும், மாதிரி எடுத்த நாளும், 12 அளவுகளும் அடங்கும். உழவரின் பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருப்பதால், அங்குத் திருத்தினால் எங்கும் திருத்தப்பட்டதாகும்.

உருவாக்கும் முறை

இத்தகைய தரவுத்தளத்தை விலையின்றிக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் மென்பொருளில் அமைக்கலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து தோன்றியது இது. 1996இல் இப்பெயரைப் பெற்றது. கட்டளைகள் ரோமன் எழுத்துகளில் தட்டச்சு செய்யப்படுவன. அவற்றின் ஒலிவடிவம் மட்டுமே இங்குத் தரப்படுகிறது.

கணிப்பொறியில் கட்டளை வரித் திரையைத் திறந்து, ‘கிரியேட்டிபி’ என்ற சொல்லைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ‘மண்சோதனை’ என்பது போன்ற ஒரு பெயரைக் கொடுத்தல் வேண்டும். பெயரில் இடைவெளியின்றிச் சிறிய எழுத்துகளை மட்டும் பயன்படுத்துவது நலம். கட்டளை நிறைவேறிவிட்டால் கணிப்பொறி எச்செய்தியும் கூறாது. மௌனமே வெற்றியின் அறிகுறி. ‘டெம்ப்ளேட்1’ என்னும் மாதிரித் தரவுத்தளத்தை அவ்வாறே நகலெடுத்துப் புதியதொன்று ஆக்கப்படுகிறது என்பதே அப்பொழுது உள்ளே நிகழும் செயல்.

செய்தி ஏதேனும் வருமாயின் அதனைக் கவனமாகப் படித்தல் அவசியம். அப்படியொரு கட்டளையே இல்லை என்று வந்தால், மென்பொருள் நிறுவப்படவில்லை அல்லது அது இருக்குமிடம் கணிப்பொறிக்குத் தெரியவில்லை எனக் கொள்ளலாம். இணைப்புக் கிட்டவில்லை என்பது பெரும்பாலும் வழங்கி இயங்காமலிருப்பதைக் குறிக்கும். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், புதிய தரவுத்தளம் உருவாக்கும் உரிமையை அப்பயனருக்கு நிர்வாகி வழங்க வேண்டும்.

எழுத்துக் குறியீட்டு முறையைத் தொடக்கத்திலேயே தீர்மானித்தல் வேண்டும். ஒருமுறை உருவாக்கப்பட்ட தரவுத்தளத்தின் குறியீட்டை எளிதில் மாற்ற இயலாது. உழவர் பெயர்கள் தமிழிலும் இந்தியிலும் பிறமொழிகளிலும் பதிவாக வேண்டுமாயின் யூடிஎஃப்-8 முறையே ஏற்றது.

அடுத்து, ‘பிஎஸ்க்யூஎல்’ என்ற சொல்லையும் தரவுத்தளத்தின் பெயரையும் தட்டினால் அதனுள் நுழையலாம். இங்கு ‘கிரியேட் டேபிள்’ என்னும் கட்டளையால் அட்டவணைகள் ஒவ்வொன்றாக அமைக்கப்படும். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அரைப்புள்ளி இடப்பட வேண்டும்; அதனை மறந்தால் கணிப்பொறி பிழை கூறாது, வாக்கியம் இன்னும் முடியவில்லையெனக் கருதிக் காத்திருக்கும். புதிதாகப் பழகுவோர் பலர் இதைக் கண்டு திகைப்பதுண்டு.

காவல் விதிகள்

அட்டவணையை அமைக்கும்பொழுதே சில விதிகளைச் சேர்த்துவிடுவதில்தான் இம்முறையின் உண்மையான வலிமை உள்ளது. உழவர் எண் ‘பிரைமரி கீ’ எனக் குறிக்கப்பட்டால், ஒரே எண்ணை இருவருக்குக் கொடுக்க இயலாது. வயல் எண்ணுக்கு ‘ரெஃபரென்ஸஸ்’ என்னும் விதி சேர்க்கப்பட்டால், பட்டியலில் இல்லாத வயலின் பெயரில் மாதிரி எதையும் பதிய முடியாது. ‘செக்’ என்னும் விதியால் கார அமில நிலை 0க்கும் 14க்கும் இடைப்பட்டதாகவே இருக்க வேண்டுமென வரையறுக்கலாம், 7.2 என்பதற்குப் பதிலாக 72 என எழுதினால் தரவுத்தளம் அதனை ஏற்க மறுத்துவிடும்.

ஆயினும், இவ்விதிகள் எல்லாப் பிழைகளையும் தடுப்பவையல்ல. 6.8 என்பதற்கு 8.6 என எழுதினால் அது எல்லைக்குள்ளேயே இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படும். ஆகவே ஆய்வகக் குறிப்பையும் பதிவையும் மற்றொருவர் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடலாகாது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ‘டிராப்டிபி’ என்னும் கட்டளை தரவுத்தளம் முழுவதையும் அழித்துவிடும். அழிந்ததை மீட்க அதற்கு எதிர்க்கட்டளை இல்லை. ‘பிஜி டம்ப்’ என்னும் கட்டளையால் அவ்வப்பொழுது நகலெடுத்து, அந்நகலை வேறொரு கணிப்பொறியில் பாதுகாத்து வைத்தல் வேண்டும். அந்நகலிலிருந்து தரவுத்தளத்தைத் திரும்ப அமைக்க முடிகிறதா என்பதையும் சோதித்துப் பார்த்தலே முழுமையான பாதுகாப்பாகும்.

பள்ளியில் பயிற்சி

வழங்கி ஏதுமில்லாத பள்ளிகளில் எஸ்க்யூஎல்லைட் என்னும் சிறிய மென்பொருளைக் கொண்டு ஆசிரியர்கள் இதனைக் கற்பிக்கலாம். ரிச்சர்ட் ஹிப் என்பவரால் உருவாக்கப்பட்டு 2000இல் வெளிவந்த இதில், தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ‘எஸ்க்யூஎல்லைட்3’ என்ற சொல்லுடன் கோப்பின் பெயரைத் தட்டினால் போதும். ஆயினும் முதல் அட்டவணை அமையும்வரை கோப்பு வட்டில் எழுதப்படுவதில்லை. அட்டவணைகளுக்கிடையேயான உறவு விதியை ‘பிராக்மா’ கட்டளையால் ஒவ்வொரு முறையும் இயக்கிவிடுதல் அவசியம். இயல்பாக அது இயங்கா நிலையிலேயே இருக்கும்.

பள்ளியின் மழைமானிப் பதிவுகளையோ, தோட்டத்து மரங்களின் அளவுகளையோ மாணவர்கள் இவ்வாறு அட்டவணைகளாக்கலாம். எதை எந்த அட்டவணையில் வைப்பது, எது எதனோடு உறவுடையது என்று அவர்கள் முதலில் தாளில் வரைந்து பார்க்க வேண்டும். கட்டளையைத் தட்டுவதற்கு ஒரு நிமிடமே ஆகும். தாளில் செய்யும் அந்தச் சிந்தனையே பதிவு நெடுங்காலம் பிழையின்றி நிற்பதற்கு அடிப்படையாகும்.